கால் நொடி முந்தி

என்னை யாரும் தொடர்ந்து நானூறு நாள் பாராட்டியது கிடையாது. பெற்றவர்கள் பாராட்டவில்லை, கட்டினவர் பாராட்டவில்லை, வயிற்றில் சுமந்த மகளும் பாராட்டவில்லை. ஒரு டேப்லெட் பாராட்டியது. பாட்டு முடிந்ததும் திரையில் மூன்று மஞ்சள் நட்சத்திரங்கள் குதித்து வந்து வரிசையாக நிற்கும். "அபாரம்!" என்று எழுத்து மின்னும். ஐம்பது வயதுப் பொம்பளைக்கு நட்சத்திரம் எதற்கு என்று கேட்கலாம். எனக்கு வேண்டியிருந்தது. பாத்திரம் துலக்கும்போதுகூட இன்றைக்கு எத்தனை விழும் என்று நினைத்துக்கொண்டிருப்பேன்.

சின்ன வயதில் மாதா கோயிலில் பாடல் குழுவில் இருந்தேன். பெண்பிள்ளைகள் பாடலாம், ஆர்மோனியத்தைத் தொடக்கூடாது. யார் போட்ட சட்டமோ தெரியாது, யாரும் கேட்டதும் இல்லை. ஒருநாள் பூசை முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு ஒரு கட்டையில் விரல் வைத்துப் பார்த்தேன். உள்ளேயிருந்து "யாரு அங்கன?" என்று ஒரு சத்தம் வந்தது, ஓடிவந்துவிட்டேன். இதை எப்போதோ மகளிடம் சிரிப்பாகச் சொல்லியிருக்கிறேன்.

அவள் அதை மறக்கவில்லை. சென்னையில் வேலைக்குப் போன இரண்டாம் வருஷம் கிறிஸ்துமசுக்கு வந்தவள், தன் உயரத்துக்கு ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு முத்தையாபுரம் நிறுத்தத்தில் இறங்கினாள். பெட்டியில் கீபோர்டு. கூடவே ஒரு டேப்லெட், வயர் இல்லாத ஒரு ஹெட்போன். "வாத்தியாரே வேண்டாம்மா. இந்த ஆப்பு சொல்லிக்கொடுக்கும். நீ வாசிக்கத கேட்டு, சரி எது தப்பு எதுன்னு அதுவே சொல்லிரும்" என்றாள். கீபோர்டையும் டேப்லெட்டையும் ஒரு வயரால் இணைத்துக் காட்டினாள். ஹெட்போனை எப்படிச் சார்ஜ் போடுவது என்று காட்டினாள். மறுநாள் அவளுக்கு ரயில்.

பாடம் நடக்கும் விதம் இதுதான். திரையில் மேலிருந்து கலர் கலராகப் பட்டைகள் விழும். கீழே ஒரு கோடு இருக்கும். பட்டை கோட்டைத் தொடும்போது அதற்கு நேரான கட்டையை அழுத்த வேண்டும். பின்னால் தாளமும் மற்ற வாத்தியங்களும் ஓடிக்கொண்டிருக்கும். சரியான நேரத்தில் அழுத்தினால் பட்டை பச்சையாகும். பிந்தினாலும் முந்தினாலும் சிவப்பாகும், "தாமதம்" அல்லது "முந்தி" என்று பக்கத்தில் காட்டும். வாத்தியார் என்றால் தலையில் குட்டுவார், முகத்தைச் சுளிப்பார். இதற்கு முகமே கிடையாது. அது எனக்குப் பிடித்திருந்தது.

நான் முதன்முதலில் தனியாகத் திறந்தபோது திரையில் ஒரு காதுப் படம் வந்தது. ஹெட்போனில் டிக் சத்தம் கேட்கும்போதெல்லாம் திரையைத் தட்டு என்று, மற்றதெல்லாம் தமிழில் வந்தாலும் இது மட்டும் இங்கிலீஷில் போட்டிருந்தது. பத்தாம் வகுப்பு வரை படித்தவள், அவ்வளவு வாசிப்பேன். அதைப் பார்த்ததும் எனக்குச் சுர்ரென்று வந்தது. காரணம் இருக்கிறது. எங்கள் வீட்டுக்காரர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். வருஷத்துக்கு ஒரு தடவை அவர்களுக்கு மெடிக்கல் உண்டு. அதில் ஒரு சின்ன அறைக்குள் உட்கார வைத்து, காதில் ஹெட்போனை மாட்டி, கீ என்று சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்கு என்பார்கள். கேட்காவிட்டால் கிரேனிலிருந்து இறக்கித் தரையில் வேறு வேலைக்குப் போட்டுவிடுவார்கள் என்று எங்கள் குடியிருப்பில் எல்லா வீட்டிலும் பயம். ஒரு வாரத்துக்கு முன்பே ஆம்பிளைகள் காதில் எண்ணெய் விட்டுக்கொண்டு திரிவார்கள். அந்தச் சோதனையைத்தான் இந்த டேப்லெட்டும் வைக்கிறது என்று நினைத்துவிட்டேன். என் காதுக்கு என்ன கேடு, இது யார் என்னைச் சோதிக்க? அடியில் 'ஸ்கிப்' என்று இருந்தது. அமுக்கினேன். அது திரும்ப ஒருநாளும் கேட்கவில்லை.

கட்டினவருக்கு அப்போது மாதத்தில் பாதி நாள் ராத்திரி ஷிப்ட். காலையில் ஏழு மணிக்கு வருவார், நாலு இட்லி, ஒரு கருப்பட்டிக் காப்பி, பிறகு மதியம் இரண்டு வரை தூக்கம். அந்தத் தூக்கம் எங்கள் வீட்டில் குழந்தை மாதிரி. அதற்காகக் குக்கர் விசிலைக்கூட நான் கரண்டியால் பிடித்துக்கொள்வேன். அரைத்தூக்கத்தில் ஒரு மனுஷன் அத்தனை உயரத்தில் உட்கார்ந்து கண்டெய்னரைத் தூக்கி இறக்கக் கூடாது. நான் வாசிக்கக் கிடைத்த நேரமும் அதே காலை நேரம்தான். ஆகவே கீபோர்டின் சத்தத்தைச் சுத்தமாக அணைத்துவிடுவேன். எல்லாச் சத்தமும் டேப்லெட் வழியாக ஹெட்போனுக்குள் வரும். வெளியே கட்டைகள் தட்டுப்படும் சத்தம் மட்டும்தான்.

"ஏளா, ஓலைப்பெட்டிக்குள்ள எலி ஓடுத மாதிரி இருக்கு. இதுதான் ஒன் சங்கீதமா?" என்பார் எழுந்ததும். "ஒருநாளு சத்தமா வாசியேன், கேப்போம்."

"இருங்க, முழுசா வரட்டும்" என்பேன். அரைகுறையாக வாசித்துக் காட்ட எனக்கு மனசில்லை. அவர் முழித்திருக்கும் நேரத்தில் வேலையும் சரியாக இருக்கும். துறைமுகத்து நிலக்கரியிலிருந்து பறந்து ஜன்னல் கம்பியில் படிகிற கரித்தூசியைத் துடைக்கவே எனக்கு அரைநாள் போதாது. அந்த ஒரு வருஷத்துக்கு மேலான காலத்தில் நான் வாசித்த ஒரு சுரத்தைக்கூட அவர் கேட்டதில்லை.

ஆரம்பத்தில் ஒரு விஷயம் எனக்குக் குழப்பமாக இருந்தது. கட்டையை அழுத்தியதும் சத்தம் உடனே வராது. ஒரு இமைப்பொழுது பிந்தி வரும். கிணற்றில் வாளி விழுந்து கொஞ்சம் கழித்துச் சத்தம் வருமே, அது மாதிரி. வாத்தியம் என்றால் இப்படித்தான் போலிருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன். கேட்பதற்கும் ஆள் இல்லை. ஹெட்போனில் கேட்கும் தாளத்தோடு சேர்த்து வாசித்தால் திரை முழுக்கச் சிவப்பு. "தாமதம், தாமதம், தாமதம்." மூன்று வாரம் அழாத குறை. பிறகு ஒருநாள் பிடிபட்டது. தாளம் காதில் விழும்வரை காத்திருக்கக் கூடாது. கையை முன்னால் அனுப்பிவிட வேண்டும், சத்தம் தானாகப் பின்னால் வந்து தாளத்தின் மேல் உட்கார்ந்துகொள்ளும். அதன்படி வாசித்தேன். பட்டைகள் எல்லாம் பச்சையாயின. மூன்று நட்சத்திரம் குதித்து வந்தது. எனக்கு வந்த பெருமையைச் சொல்ல முடியாது. இந்தச் சூட்சுமத்தை யாரும் சொல்லித்தரவில்லை, நானாகவே கண்டுபிடித்தேன் என்று மகளுக்குப் போன் போட்டு அளந்தேன். அவளும் ஆபீசில் எதையோ பார்த்துக்கொண்டே "சூப்பர்மா" என்றாள்.

நானூறு நாளும் அப்படியே வாசித்தேன். காய்ச்சலிலும் வாசித்தேன். ஒருநாள் விட்டால்கூட, விடாமல் வாசித்த நாள்களை எண்ணிக் காட்டுகிற நெருப்புப் படம் அணைந்துவிடும் என்று அந்த ஆப்பு பயமுறுத்தி வைத்திருந்தது. கடைசிப் படிக்கு வந்தபோது நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு போட்டது.

அந்தச் சமயத்தில்தான் கோயிலில் கீபோர்டு வாசித்துக்கொண்டிருந்தவன் கப்பல் வேலைக்குப் போய்விட்டான். பாடல் குழுவை நடத்துகிறவர் ஒரு பள்ளிக்கூடத்து டீச்சர். என்னைவிடப் பத்து வயது சின்னவர், நல்ல மனுஷி. வேறு வழியில்லாமல் பாட்டின் வாத்தியச் சத்தத்தை மட்டும் பதிந்த டிராக்கைப் போனில் ஓடவிட்டுப் பாட வைத்தார். அது எனக்குத் தாங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் போய், "டீச்சர், நான் வாசிப்பேன்" என்று சொல்லிவிட்டேன். சொல்லும்போது காது மடல் சூடேறியது. அவர் கண்ணை அகல விரித்து, "அக்கா, ஒரு வார்த்த சொல்லலயே நீங்க! சனிக்கெழம வந்திருங்க" என்றார்.

கட்டினவரிடம் சொன்னேன். "அப்போ கோயில்ல வச்சுத்தான் எனக்குக் கேக்கக் கொடுத்து வச்சிருக்கு" என்று சிரித்தார். அவர் கிரேனில் கூட வேலை பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டது எனக்குப் பிறகுதான் தெரியும்.

சனிக்கிழமை சாயந்திரம் பஸ் பிடித்துப் போனேன். பாடுகிறவர்கள் பன்னிரண்டு பேர். எனக்குத் தெரிந்த வருகைப் பாடலைத்தான் எடுத்தார்கள். இரண்டு வரி போனதும் டீச்சர் கையைத் தூக்கி நிறுத்தினார். "அக்கா, கொஞ்சம் முந்துதிய." மறுபடி ஆரம்பித்தோம். "இன்னும் முந்துதிய அக்கா." மூன்றாம் தடவை நிறுத்தியபோது என் வாய் சும்மா இருக்கவில்லை. "நான் முந்தல டீச்சர். ஒங்க பிள்ளையதான் பிந்துது. போன்ல பாடிப் பாடிச் சோம்பேறியாயிருச்சு" என்றேன். பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். டீச்சர் கோபப்படவில்லை. "இருக்கலாம் அக்கா. அடுத்த வாரம் பாப்போம்" என்றார்.

எனக்கு அந்த வாரம் முழுக்க ஆத்திரம். நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு வாங்கியவளைப் பார்த்து முந்துகிறாய் என்றால் என்ன அர்த்தம்? இயந்திரம் பொய் சொல்லுமா, அதற்கு என் மேல் என்ன பாசம்? அடுத்த சனிக்கிழமை டேப்லெட்டைப் பையில் வைத்து எடுத்துக்கொண்டு போனேன், சாட்சி சொல்ல. கோயில் கீபோர்டில் வயரை மாட்டினேன். எல்லாரையும் கூப்பிட்டுச் சுற்றி நிற்க வைத்தேன். என் நட்சத்திரங்களைப் பக்கம் பக்கமாகத் தள்ளிக் காட்டினேன். ஹெட்போனை எடுத்து மாட்டப் போனபோது டீச்சர், "அத மாட்டுனா எங்களுக்குக் கேக்காதுல்லா அக்கா, டேப்லெட்லயே சத்தத்த வச்சிருங்க" என்றார். நியாயம்தான் என்று கழற்றினேன்.

நான் நன்றாக மனப்பாடமாக வைத்திருந்த பாடத்தைப் போட்டேன். முதல் பட்டை சிவப்பு. இரண்டாவதும் சிவப்பு. "முந்தி" என்றது. பிறகு "முந்தி, முந்தி, முந்தி." சத்தம் என் கையோடு ஒட்டிக்கொண்டு உடனே உடனே வந்தது, தாளம் எங்கோ பின்னால் வந்துகொண்டிருந்தது. என்ன நடக்கிறது என்றே புரியவில்லை. நிறுத்திவிட்டு மறுபடி வாசித்தேன். இன்னும் மோசம். கடைசியில் நட்சத்திரம் எதுவும் வரவில்லை. முப்பத்தொன்று என்று போட்டு, "மீண்டும் முயலுங்கள்!" என்றது. யாரோ ஒரு பிள்ளை களுக்கென்று சிரித்தது. டீச்சர் திரும்பி ஒரு முறை முறைத்தார். நான் கூட்டிக்கொண்டு போன சாட்சி எனக்கு எதிராகச் சொல்லிவிட்டது.

திரும்பும் பஸ்ஸில் மகளுக்குப் போன் போட்டேன். நடந்ததைச் சொன்னேன். "அம்மா, நீ அந்த வயர் இல்லாத ஹெட்போன்லயா வாசிச்ச, எப்பவும்?"

"ஆமா. அப்பா தூங்குவாவல்ல."

"அதுல சத்தம் பிந்தித்தான்மா வரும். அதுக்குத்தான ஆரம்பத்துல டிக் டிக்குன்னு கேட்டுத் தட்டச் சொல்லும்? எவ்வளவு பிந்துதுன்னு பாத்து அது சரிபண்ணிக்கிடும். நீ தட்டலயா?"

"அந்தக் காதுப் படமா?"

"ஆமாம்மா."

"அது காது டெஸ்டுன்னு நெனச்சேன் மக்கா. அப்பாவுக்கு வைப்பாவளே, அந்த மாதிரி."

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். பாதிச் சிரிப்பில் நிறுத்திக்கொண்டாள். எவ்வளவு பிந்தும் என்று கேட்டேன். கால் செகண்ட் இருக்கும் என்றாள். "அம்புட்டுத்தானா?" என்றேன். எனக்குப் போன உயிர் வந்தது. "அம்புட்டுத்தாம்மா, சரிபண்ணிரலாம்" என்றாள் அவளும். இரண்டு பேரும் நிஜமாகவே அப்படித்தான் நம்பினோம்.

டேப்லெட்டைச் சரிபண்ண ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. டிக் டிக்குக்குத் தட்டினேன், கணக்கு வைத்துக்கொண்டது, முடிந்தது. வயர் வைத்த ஹெட்போன் ஒன்றும் வாங்கினேன். என்னைச் சரிபண்ணத்தான் வழி இல்லை. நானூறு நாள் என் கைக்கு நான் சொல்லிக்கொடுத்தது ஒன்றே ஒன்றுதான், காதுக்கு முன்னால் போ என்று. அது நன்றாகவே படித்துக்கொண்டது. மெதுவாக வாசித்தால் ஒழுங்காக வரும். பாட்டின் வேகத்துக்கு வந்தால் கை ஓடிவிடும். ஓடுகிற பஸ்ஸிலிருந்து குதித்துப் பழகியவர்கள் நிற்கிற பஸ்ஸிலிருந்தும் நாலடி ஓடித்தான் நிற்பார்கள், அப்படி. சரி, நில், காத்திரு என்று இழுத்துப் பிடித்தால் விரல் திகைத்துப்போய்த் தப்பான கட்டையில் விழும். முதல் பாடத்திலிருந்து, சின்னக் குழந்தைகள் வாசிக்கிற பாட்டிலிருந்து, மறுபடி தொடங்கினேன். ஒரு நட்சத்திரம் வந்தால் பெரிய காரியம். இடையிடையே அது, "ஒரு சிறிய ஓய்வு எடுத்துக்கொள்ளலாமே!" என்று ஆறுதல் சொல்லும். தூக்கிச் சுவரில் அடிக்கலாம் போலிருக்கும்.

இதில் கொடுமை என்னவென்றால், தனியாக வாசித்தால் என்னிடம் ஒரு குறையும் இல்லை. பாட்டு பாட்டாகத்தான் வரும். நீங்கள் பக்கத்து அறையில் இருந்து கேட்டால் நன்றாக வாசிக்கிறாளே என்பீர்கள். இன்னொரு ஆள் சேர்ந்தால்தான் நான் கெட்டுப்போகிறேன். நான் இதைக் கற்றுக்கொண்டதே இன்னொரு ஆளோடு சேர்வதற்குத்தான்.

டீச்சர் என்னைக் கைவிடவில்லை. விஷயத்தைச் சொன்னபோது, "வந்து எங்க கூடவே பழகுங்க அக்கா, தானா சரியாயிரும்" என்றார். ஆறு மாதம் சனிக்கிழமை தவறாமல் போனேன். பிள்ளைகளும் பாவம், என்னைப் பிடிக்கப் பார்த்தன. அவர்கள் வேகத்தைக் கூட்டினால் நான் அதற்கும் முன்னால் போவேன். அதைப் பிடிக்க இன்னும் கூட்டுவார்கள். கடைசி வரிக்கு வரும்போது எல்லாருக்கும் மூச்சு வாங்கும். "காணிக்கைத் தட்டு பாதி தூரம் வாரதுக்குள்ள பாட்டு முடிஞ்சிரும் போலயே" என்று ஒருத்தி சொல்ல, நானும் சேர்ந்துதான் சிரித்தேன். பஸ்ஸில் வரும்போது அழுதேன். சன்னலோரம் உட்கார்ந்தால் உப்புக்காற்றில் கண் எரிகிறது என்று சொல்லிக்கொள்ளலாம்.

ஞாயிறு பூசைக்கு என்னை உட்கார வைக்க டீச்சர் துணியவில்லை, நானும் கேட்கவில்லை. வீட்டில் கட்டினவர் கேட்டுக்கொண்டே இருந்தார். "எப்பளா ஒன் கச்சேரி?" "பிள்ளையளுக்குப் பரீச்ச, அது முடியட்டும்" என்பேன். "பாதர் ஊர்ல இல்ல" என்பேன். ஆறு மாதத்தில் எத்தனை பொய் சொன்னேன் என்று எனக்கே தெரியாது.

பிறகு கோயில் திருவிழா வந்தது. ஒன்பது நாள் நவநாளில் ஒருநாள் பூசை எங்கள் பகுதிக்காரர்கள் பொறுப்பு. அதைக் கேள்விப்பட்டதும் கட்டினவர் என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் ஷிப்ட் மாற்றிக்கொண்டு வந்து நின்றார். "நம்ம நாளு. நீ வாசிக்காம யாரு வாசிப்பா? நான் முன்னாலயே போயி எடம் பிடிச்சிருவேன்." நான் டீச்சரிடம் போய் அழுதுவிட்டேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு யோசித்தார். "வாங்க அக்கா. நீங்கதான் வாசிக்கிய. தைரியமா வாங்க" என்றார்.

பூசை நாள் வந்தது. ஆம்பிளைகள் பக்கம் மூன்றாம் வரிசையில் அவர் தேய்த்த வெள்ளைச் சட்டையோடு உட்கார்ந்து, தூணுக்கு இந்தப் பக்கமாகக் கழுத்தை நீட்டி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். வருகைப் பாடல். டீச்சர் கையைக் காட்டினார். வாசித்தேன்.

சரியாக வந்தது. கை எப்போதும்போல முந்தித்தான் போனது, அது எனக்குத் தெரிந்தது. ஆனால் சத்தம் நிதானமாகப் பின்னால் வந்து, பிள்ளைகளின் குரலோடு பசைபோட்ட மாதிரி ஒட்டியது. கோயில் முழுக்கச் சேர்ந்து பாடியது. ஆண்டவரே, என் வாழ்க்கையில் அந்த இரண்டு நிமிஷத்துக்கு நிகராக எதுவும் இல்லை. புதுமை, அற்புதம் நடந்துவிட்டது என்றே நினைத்தேன். கண்ணீர் வந்து கட்டைகள் மங்கலாகத் தெரிந்தன, அதில் என் சுண்டுவிரல் பக்கத்துக் கட்டையில் விழுந்துவிட்டது.

தப்புச் சத்தம் வரவில்லை. பாட்டு பிசகாமல் போய்க்கொண்டிருந்தது.

இன்னொரு கட்டையை வேண்டுமென்றே தப்பாக அழுத்தினேன். அதற்கும் சத்தம் இல்லை. திரும்பிப் பார்த்தேன். மைக், கீபோர்டு சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற மிக்சரில் 'கீபோர்டு' என்று பிளாஸ்திரி ஒட்டி எழுதிய குமிழ் பூஜ்யத்தில் இருந்தது. பக்கத்தில் டீச்சரின் போன், வயர் மாட்டி, டிராக் ஓடிக்கொண்டிருந்தது. டீச்சர் பாட்டுப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பாட்டு அவருக்கு மனப்பாடம். ஆனாலும் தலையை நிமிர்த்தவே இல்லை.

எழுந்து போயிருக்க வேண்டும். என் குணத்துக்கு அந்த இடத்திலேயே எழுந்து போயிருப்பேன். மூன்றாம் வரிசையில் வெள்ளைச் சட்டை தெரிந்தது. உட்கார்ந்து வாசித்தேன். காணிக்கைப் பாட்டு, நற்கருணைப் பாட்டு, நன்றிப் பாட்டு, எல்லாவற்றுக்கும் பத்து விரலும் ஓடியது. தப்பு விடாமல் வாசிக்க வேண்டும் என்றுகூடக் கவனமாக இருந்தேன், யாருக்காக என்று தெரியவில்லை.

பூசை முடிந்ததும் நாலைந்து பேர் வந்து கையைப் பிடித்தார்கள். "நல்லா வாசிச்சிய." டீச்சர் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் போனேன். திட்டுவேன் என்று பயந்திருப்பார் போல, கண் கலங்கியிருந்தது. எனக்குத் திட்ட வரவில்லை. "ஞாயித்துக்கெழம எத்தன மணிக்கு வரணும் டீச்சர்?" என்று கேட்டேன். "ஏழரைக்கு வந்திருங்க அக்கா" என்றார். இதற்கு மேல் அதைப் பற்றி நாங்கள் பேசியது இல்லை. நான் இப்போதும் ஞாயிறுதோறும் போகிறேன், உட்கார்ந்து வாசிக்கிறேன். குமிழ் எங்கே இருக்கிறது என்று பார்ப்பதில்லை.

கட்டினவருக்கு அன்று தரையில் கால் பாவவில்லை. பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரரிடம், "இவ ஆருகிட்டயும் படிக்கல அண்ணாச்சி, தானாப் படிச்சா" என்று சொன்னார். நான் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இரண்டு வாரம் கழித்து அவருக்கு ஓய்வு நாள். சாப்பிட்டுவிட்டுப் படுக்கப் போகாமல் கீபோர்டு முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "இன்னைக்கு எனக்குத் தூக்கம் வேண்டாம். அந்தக் காணிக்கைப் பாட்ட வாசி. சத்தமா வாசி. நானும் பாடுதேன்." என்னென்னவோ சாக்குச் சொல்லிப் பார்த்தேன். மனுஷன் எழுந்திருக்கவில்லை. இத்தனை நாள் அந்த வீட்டில் திறக்காத சத்தத்தைத் திறந்தேன்.

அவருக்கு நல்ல குரல். படித்த குரல் இல்லை, ஆனால் ஒழுங்கான குரல், தாளம் தப்பாதவர். முதல் வரியை எடுத்தார். என் கை அவருக்கு முன்னால் போனது. இழுத்துப் பிடித்தேன், நிற்கவில்லை. அவர் வேகமாக வந்து பிடிக்கப் பார்த்தார், ஒரு சொல்லை விழுங்கினார், தடுமாறி நின்றார். "இரு, இரு, மறுபடி" என்றார். மறுபடியும் அதேதான். மூன்றாவது தடவை பாதியில் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். வெட்கப்பட்ட சிரிப்பு.

"கோயில்ல அத்தன பேரு ஒங்கூடச் சேந்து பாடுனாவ. ஒரு பிசகு இல்ல. நான் ஒருத்தன்தான் பிந்துதேன்ளா. எனக்குத் தாளமே கெடையாது போல, இத்தன வருஷமா தெரியாமப் பாடிக்கிட்டுத் திரிஞ்சிருக்கேன்."

இல்லை, நீங்கள் சரியாகத்தான் பாடுகிறீர்கள், பிசகு என் கையில் என்று சொல்ல வேண்டும். சொன்னால் அந்தப் பூசை என்ன ஆனது என்று கேட்பார். அந்த வெள்ளைச் சட்டை, பஸ்ஸில் அவர் பேசிய பேச்சு, கிரேனில் கூட இருப்பவர்களிடம் சொன்னது எல்லாவற்றையும் நானே என் கையால் பிடுங்க வேண்டும். என்னால் முடியவில்லை.

"நீ வாசி. நான் கேக்கேன், அது போதும்" என்று நாற்காலியில் சாய்ந்துகொண்டார். தனியாக வாசித்தேன். ஒரு குறையும் இல்லாமல் வந்தது. கண்ணை மூடித் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார்.

தினமும் குளிக்கும்போது ஏதாவது ஒரு பாட்டைச் சத்தமாக எடுத்துவிடுகிற மனுஷன் அவர், கல்யாணம் ஆன நாளிலிருந்து கேட்டுவருகிறேன். இப்போது குளியலறையிலிருந்து தண்ணீர் விழுகிற சத்தம் மட்டும்தான் கேட்கிறது.